ரேஞ்சர் பிக்கப்பின் பின் டிரம்மைக் கழற்றி எக்ஸ்ப்ளோரர் டிஸ்க் போடுவது எப்படி

பின்னால் டிஸ்க் போட்டால் வண்டி பாதித் தூரத்தில் நின்றுவிடும் என்று நினைத்து இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பிரேக் மிதித்ததும் எடை முழுக்க முன்னால் சாய்கிறது. அதுவும் சரக்கு ஏற்றாத பிக்கப்பில் பின் சக்கரங்கள்மேல் இருக்கிற எடை கொஞ்சம்தான். அங்கே டிரம் இருந்தாலும் டிஸ்க் இருந்தாலும் நிற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. டிஸ்க்கின் லாபம் வேறு. தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி ஏறிய பிறகு முதல் மிதியிலேயே பிடிக்கும். மலை இறக்கத்தில் சூடானாலும் பிடி சட்டென்று குறையாது. பேட் மாற்றுவது அரை மணி நேர வேலை. இவை போதும் என்றால் மேலே படியுங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ரேஞ்சர், 1993 முதல் வந்த வண்டிகள். இதற்குத் தனியாக டிஸ்க் கிட் வாங்குவதைவிட, 1995 முதல் 2001 வரை வந்த நான்கு கதவு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சிலை முழுசாகத் தூக்கிவந்து மாட்டுவதே நல்லது. அந்த ஆண்டுகளில் எக்ஸ்ப்ளோரருக்குக் கம்பெனியிலேயே பின் டிஸ்க் இருந்தது. 2002-இல் அந்த மாடல் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது, அது இதற்கு ஆகாது. எக்ஸ்ப்ளோரரில் இருப்பது 8.8 அங்குல க்ரௌன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரம்), 31 பல் ஆக்சில் ஷாஃப்ட். சிறிய இன்ஜின் ரேஞ்சர்களில் வரும் 7.5 அங்குல ஆக்சிலைவிட இது நன்றாகத் தாங்கும். சக்கர போல்ட் அமைப்பு இரண்டிலும் ஒன்றே: 5 போல்ட், 4.5 அங்குல வட்டம். அகலம் ரேஞ்சரைவிட ஏறக்குறைய 1 அங்குலம்தான் கூடுதல்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஹேண்ட் பிரேக் இதில் கூடவே வருகிறது. டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் ஒரு சின்ன டிரம், அதற்கு இரண்டு சின்ன ஷூ. சந்தையில் விற்கும் மலிவான கிட்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்குக்கு வழியே இருக்காது. சரிவில் நிறுத்த கியரையும் கல்லையும் நம்ப வேண்டிவரும் மாற்றத்தைச் செய்யவே கூடாது.

(இந்தியாவில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் பிக்கப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

யார்டில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில்) பார்க்க வேண்டியவை

முதலில் கியர் விகிதம். டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகரச் சீட்டு தொங்கும். "3 73" என்றிருந்தால் 3.73 விகிதம், சாதா டிஃபரன்ஷியல். நடுவில் "எல்" எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கும் இழுவை கொடுக்கும் வகை. உங்கள் ரேஞ்சர் நான்கு சக்கர இயக்கம் என்றால் முன் ஆக்சிலின் விகிதமும் இதுவும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். 3.55-ஐயும் 3.73-ஐயும் கலந்து மாட்டி காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இயக்கத்தைப் பிரிக்கும் பெட்டி) தாங்காது. சீட்டு தொலைந்திருந்தால் பினியனை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் கியர் தண்டை) சுற்றி, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்று வர அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஊகம் வேண்டாம்.

அடுத்து, மூடியைக் கழற்றச் சம்மதிக்கும் யார்டாக இருந்தால் உள்ளே பாருங்கள். ஆயிலில் மினுமினுப்பு இருந்தாலோ க்ரௌன் பற்களில் குழி விழுந்திருந்தாலோ அதை விட்டுவிடுங்கள். ஆக்சில் ஷாஃப்ட்டின் வெளி முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இந்த ஆக்சிலில் சக்கர பேரிங்கின் ரோலர்கள் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே உருளுகின்றன, உள் வளையம் கிடையாது. பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட்டிலும் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டில் புது பேரிங் போட்டு லாபமில்லை.

பிரேக் தட்டையும் பாருங்கள். உப்பு தூவும் வடக்கு மாநில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் ஷூவைத் தாங்கும் தட்டு துருவில் இற்றுப்போயிருக்கும். டிஸ்க்குக்கு எளிதாகப் புதுசு கிடைக்கும், தட்டு மாற்ற வேண்டுமென்றால் ஷாஃப்ட்டை உருவ வேண்டும்.

ஆக்சிலோடு சேர்த்து இவற்றையும் கேட்டு வாங்குங்கள்: இரண்டு ஹேண்ட் பிரேக் கேபிள்கள் (அவசரத்தில் யார்டுக்காரர் வெட்டிவிடுவார், முதலிலேயே சொல்லிவிடுங்கள்), ஆக்சில்மேல் ஓடும் இரும்பு பிரேக் குழாய்கள், டிஃபரன்ஷியல்மேல் இருக்கும் ஏபிஎஸ் சென்சார், காலிப்பர் (பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) பிராக்கெட்டுகள். காலிப்பரே பழசாக இருந்தாலும் பரவாயில்லை, திருப்பிக் கொடுத்து ரீபில்ட் வாங்கும்போது அது பயன்படும்.

சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். ரேஞ்சரில் 14 அங்குல ரிம் இருந்தால் காலிப்பர் அதற்குள் அடங்காது. 15 அங்குலமாவது வேண்டும்.

ஸ்பிரிங் சீட்: இதில்தான் நேரம் போகும்

எக்ஸ்ப்ளோரரில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே ஓடுகிறது, ரேஞ்சரில் மேலே. அதனால் எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலில் இருக்கிற ஸ்பிரிங் சீட்டுகள் (பட்டை உட்காரும் தாங்கிகள்) குழாயின் அடியில் இருக்கும், உங்களுக்கு வேண்டியதோ மேலே. பழையதை வெட்டிவிட்டுப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். வெல்டிங் தெரியாதவர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் நல்ல கடையில் கொடுத்துவிடுங்கள். ஆக்சில் கழன்று வந்தால் போவது ஸ்பிரிங் மட்டுமல்ல, பிரேக்கும் கூடவே போகும்.

வாங்க வேண்டியது: 3.25 அங்குல குழாய்க்கும் 2.5 அங்குல பட்டைக்கும் பொருந்தும் வெல்டு சீட் இரண்டு, 3.25 அங்குல உள் அகலத்தில் அரை அங்குல யூ-போல்ட் நான்கு, அவற்றுக்கான புது நட்டுகள். ரேஞ்சரின் குழாய் இதைவிட மெலிது, அதனால் பழைய யூ-போல்ட் ஏறாது. ஏறினாலும் பழசைத் திரும்பப் போடக் கூடாது. ஒரு முறை இறுகிய யூ-போல்ட் நீண்டிருக்கும், இரண்டாம் முறை பிடி நிற்காது. ரேஞ்சரில் ஷாக் அப்சார்பரின் கீழ் முனை யூ-போல்ட் தட்டிலேயே மாட்டுகிறது, எனவே அந்தத் தட்டுகளை வைத்துக்கொண்டு, புது யூ-போல்ட் இறங்கும் அளவுக்குத் துளைகளை விரிவாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய சீட்டை கேஸ் கட்டரால் அறுக்காதீர்கள். கிரைண்டரில் 2, 3 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை மெதுவாகத் தேய்த்து எடுங்கள். குழாயில் ஒரு கீறல் ஆழமாக விழுந்தால் பின்னால் அங்கேதான் விரியும்.

ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் கேட்பதில்லை. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டு செய்யக் கூடாது. அந்த ஈரம் வெல்டிங் ஆர்க்கில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும், கொஞ்சம் மூச்சில் போனாலும் ஆபத்து. வெல்டிங்குக்கு முன் சுத்தம் செய்ய அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே.

சீட் எங்கே உட்கார வேண்டும் என்பதை ரேஞ்சரின் பழைய ஆக்சிலிலிருந்து அளந்துகொள்ளுங்கள்: இரண்டு சீட்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம். எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலில் அதே தூரத்தை, இரு பக்கச் சக்கர விளிம்பிலிருந்தும் சமமாக வருமாறு குறியுங்கள். டிஃபரன்ஷியல் குண்டிலிருந்து அளக்காதீர்கள், அது நடுவில் இருப்பதில்லை.

கோணம் அடுத்தது. சீட்டை வெல்டு செய்யாமல் ஆக்சிலை வண்டிக்கு அடியில் கொண்டுபோய், பட்டையின் நடு போல்ட் சீட்டின் துளையில் விழுமாறு வைத்து, யூ-போல்ட்டைத் தளர்வாக மாட்டுங்கள். சக்கரத்தைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்குங்கள். தொங்கும் ஸ்பிரிங்கில் பார்க்கும் கோணம் பொய், எடை இறங்கிய பிறகு பார்ப்பதே கணக்கு. கியர்பாக்ஸின் பின் முனையில் கோண மானி வைத்துப் படியுங்கள். பினியன் விளிம்பும் அதே கோணத்துக்கு இணையாக வர வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும், அதனால் 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தியே வையுங்கள். இரு முனையில் ஜாயிண்ட் இருக்கிற ஒற்றை ஷாஃப்ட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. இரண்டு துண்டு ஷாஃப்ட் இருந்தால் பின் துண்டின் கோணத்தோடு ஒப்பிட வேண்டும்.

நான்கு மூலையிலும் சின்னப் பொட்டு வெல்டு வைத்து, வெளியே எடுத்து முழு வெல்டு செய்யுங்கள். ஒரே இழுப்பில் ஓட்டினால் குழாய் வாழைக்காய்போல வளையும். ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம், நடுவில் ஆறவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் அதே குழாயில், பக்கத்திலேயே மாட்டுங்கள். பினியனிலோ சக்கர விளிம்பிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி உருளைகளைச் சுட்டுவிடும். ஆறியபின் ஆக்சில் ஷாஃப்ட் தடையில்லாமல் உள்ளே போய் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேஜையிலேயே பிரேக்கை முடித்துவிடுங்கள்

ஆக்சில் வெளியே கிடக்கும்போதே ஷாஃப்ட் சீல், தேவைப்பட்டால் பேரிங், புது ஹேண்ட் பிரேக் ஷூ எல்லாம் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஷாஃப்ட்டை எடுக்க மூடியைத் திறந்து, குறுக்கு ஊசியைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்த 8 மி.மீ. தலை போல்ட் 8.8 ஆக்சிலில் ஒடிவதற்குப் பெயர்போனது. சூடுகாட்டி, ஊடுருவும் ஆயில் ஊற வைத்து, மெதுவாகக் கழற்றுங்கள். திரும்பப் போடும்போது புது போல்ட், நூலில் நீல லாக்டைட். குறுக்கு ஊசி வெளியே வந்ததும் ஷாஃப்ட்டை உள்ளே தள்ளினால் அதைப் பிடித்திருக்கும் சி-கிளிப் விழும், ஷாஃப்ட் உருவி வரும். ஊசி வெளியே இருக்கும்போது பினியனைச் சுற்றாதீர்கள், சிறு கியர்கள் இடம் மாறிவிடும்.

டிஸ்க் சிக்கிக்கொண்டு வரவில்லையா? ஹேண்ட் பிரேக் ஷூ உள்ளே தேய்த்த பள்ளத்தின் விளிம்பில் மாட்டியிருக்கும். பின் தட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி ஷூவைச் சுருக்குங்கள். பழைய தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

புது டிஸ்க்கின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சை நன்றாகக் கழுவுங்கள். ஹேண்ட் பிரேக் ஷூவை இப்போதே சரிசெய்துவிடுங்கள்: டிஸ்க்கைப் போட்டு இரண்டு நட்டில் பிடித்து, நட்சத்திரத்தைத் திருப்பி இழைவு கேட்கும்வரை விரித்து, பிறகு இழைவு மறையும்வரை பின்வாங்குங்கள். ஷூ இடைவெளியை எப்போதும் இங்கேதான் சரிசெய்ய வேண்டும், கேபிளை இழுத்து அல்ல.

இந்தக் காலிப்பரின் பிஸ்டனைச் சுற்றித் திருக வேண்டியதில்லை, ஹேண்ட் பிரேக் தனியாக இருப்பதால் நேராக அழுத்தினால் உள்ளே போகும். காலிப்பரை மாட்டும்போது ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறிப்போனால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், நிப்பிள் மட்டும் கீழே வந்துவிடும். அப்புறம் எவ்வளவு ஏர் எடுத்தாலும் மிதி பஞ்சாகவே இருக்கும். சறுக்கு ஊசிகளில் பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ், ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டில் ஹோஸ் முனையின் இரு பக்கமும் புது செப்பு வாஷர், ரப்பர் ஹோஸ் புதுசு.

வண்டியில் ஏற்றுவது

பழைய ஆக்சிலை இறக்கும் வேலை தெரிந்ததுதான், நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரேமில் ஜாக் ஸ்டாண்ட், ஷாக், யூ-போல்ட், கேபிள், ஹோஸ், சென்சார் வயர். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை விளிம்பில் குறி போட்டுக் கழற்றுங்கள். அந்த நான்கு போல்ட்டுக்கும் 12 முனை, 12 மி.மீ. சாக்கெட் வேண்டும். 6 முனையைப் போட்டால் தலை உருண்டுவிடும். திரும்ப இறுக்குவது 70 முதல் 95 ஃபுட்-பவுண்டு.

ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. ரேஞ்சரில் ஹேண்ட் பிரேக்கைக் காலால்தான் மிதிப்பது, அந்த மிதியில் கேபிளைத் தானாக இறுக்கிக்கொள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது. முன் கேபிளை ஒருவர் இழுத்துப் பிடிக்க, மிதியின் துளையில் 4 மி.மீ. டிரில் பிட்டைச் செருகிப் பூட்டுங்கள். இதைச் செய்யாமல் கேபிளைக் கழற்றினால் ஸ்பிரிங் சுருட்டிக்கொள்ளும், பிறகு மிதியையே கழற்ற வேண்டிவரும். எக்ஸ்ப்ளோரரின் பின் கேபிள்களை ரேஞ்சரின் நடு இணைப்பில் மாட்டுங்கள். நீளம் சரிவராவிட்டால் நடுக் கேபிளில் சரிசெய்யுங்கள். டிஸ்க், சக்கரம், ஸ்பிரிங் எதிலும் கேபிள் உரசாமல், ஆக்சில் முழுக்க இறங்கி ஏறும்போது இழுபடாமல் இருக்க வேண்டும்.

பிரேக் குழாய்: ஃப்ரேமிலிருந்து வரும் ரேஞ்சர் ஹோஸின் மேல் முனை உங்கள் வண்டிக்கே பொருந்தும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். கீழ் முனையில் இருக்கும் பிரிப்புக் கட்டையை ஆக்சிலோடு பிடிப்பது சாதா போல்ட் அல்ல, ஆக்சில் மூச்சுவிடும் ஓட்டை போட்ட போல்ட். அதற்குப் பதில் வேறு போல்ட் போட்டு அடைத்துவிட்டால் சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும், கசிந்த ஆயில் ஹேண்ட் பிரேக் ஷூவில் போய் ஊறும். குழாய் நட்டுகளைக் கையால் மூன்று சுற்று ஏற்றிப் பாருங்கள். கையில் ஏறாதது ஸ்பேனரில் ஏறினால் நூல் வேறு என்று அர்த்தம். புதுக் குழாய் செய்ய வேண்டுமென்றால் 3/16 அங்குல செப்பு-நிக்கல் குழாய், முனையில் இரட்டை ஃப்ளேர். கம்ப்ரெஷன் ஜாயிண்ட்டை பிரேக் குழாயில் போடவே கூடாது.

டிஃபரன்ஷியலில் 75டபிள்யூ-90 ஆயில், துளையின் அடி விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே நிற்கும்வரை. லிமிடெட் ஸ்லிப் என்றால் 4 அவுன்ஸ் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடக்கும். யூ-போல்ட்டைக் குறுக்கு வரிசையில், வண்டியின் எடை தரையில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள். சக்கர நட்டு 100 ஃபுட்-பவுண்டு.

ஏர் எடுப்பது, பிறகு சமநிலை பார்ப்பது

டாட் 3 பிரேக் ஆயில், புது டப்பா. வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) வறண்டுபோக விடாதீர்கள். பின் ஏபிஎஸ் வால்வுக்குள் சிறு குமிழி தங்கலாம். மிதி கொஞ்சம் மென்மையாக இருந்தால், மண் தரையில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை ஏபிஎஸ் வேலைசெய்யும்படி மிதித்துவிட்டு மறுபடி ஏர் எடுங்கள்.

காலிப்பருக்கு வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் வேண்டும், எனவே மிதி முன்பைவிடக் கொஞ்சம் கீழே போவது இயல்பு. ஏர் இல்லை என்று உறுதியான பிறகும் மிதி தரையை நெருங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போதவில்லை. எக்ஸ்ப்ளோரரின் மாஸ்டரைப் பூஸ்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரேஞ்சரின் மாஸ்டரையே வைத்து நன்றாக ஓட்டுகிறவர்கள் நிறைய உண்டு, ஆகவே முதலிலேயே வாங்கி வைக்காதீர்கள்.

இனிச் சொல்வதைத்தான் அநேகம் பேர் செய்யாமல் விடுகிறார்கள். டிரம்மில் முன் ஷூ சுற்றோடு இழுபட்டுப் பின் ஷூவைத் தள்ளுகிறது. பிரேக்கே தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், கொஞ்சம் அழுத்தம் போதும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, கொடுத்த அழுத்தத்துக்குத் தக்க பிடி மட்டும். டிரம்முக்காக அளவிட்ட அழுத்தக் குறைப்பு வால்வு இன்னும் பின் லைனில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் புது டிஸ்க் குறைவாகவும் பிடிக்கலாம், பேட் கடுமையாக இருந்தால் அதிகமாகவும் பிடிக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.

முதலில் பேட்டைப் பழக்குங்கள்: 30 மைல் வேகத்திலிருந்து மிதமாக 10 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறவிட்டு. பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். பின்னது முன்னதைவிடக் குளிராக இருப்பது சரி. முன்னது நன்றாகச் சுட்டும் பின்னது கிட்டத்தட்ட சுடாமலே இருந்தால் பின்னால் அழுத்தம் போகவில்லை. பின்னது முன்னதைவிடச் சூடாக இருந்தால் கவலைப்பட வேண்டும். இடது வலது வித்தியாசம் தெரிந்தால் சறுக்கு ஊசி இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் ஷூ இழையும்.

அதன் பிறகு ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த, அகலமான இடத்தில், காலி வண்டியோடு, ஏபிஎஸ் ஃப்யூஸை எடுத்துவிட்டு, 30 மைலிலிருந்து மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். வெளியே ஒருவர் நின்று சக்கரங்களைக் கவனிக்கட்டும். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி பம்பரமாகத் திரும்பும், மழையில் அது உயிருக்கு ஆபத்து. அப்படியானால் பின் லைனில் கையால் திருப்பும் அழுத்த வால்வு ஒன்றைப் போட்டு, முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை குறைத்து, அதன்பின் இன்னும் கால் சுற்று குறையுங்கள். அந்த வால்வு அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. பின் பிரேக் ஏற்கெனவே சோம்பேறியாக இருந்தால், பழைய வால்வை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், இரண்டையும் வரிசையாக வைக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் ஃப்யூஸைத் திரும்பப் போடுங்கள்.

ரேஞ்சரைவிட மிகப் பழைய பிக்கப்பில், 1960, 70-களின் வண்டியில், இதே வேலையைச் செய்கிறவர்கள் மாஸ்டரின் பின் வாயில் மீத அழுத்த வால்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரம்முக்காக ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க் போட்டால் அந்த அழுத்தம் பேட்டை ஓயாமல் இழைத்துச் சுடவைக்கும்.

100 மைல் ஓடியதும் யூ-போல்ட்டையும் சக்கர நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், பேஞ்சோ போல்ட் பக்கம் ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். புது சீட்டில் பெயின்ட் உரிந்திருந்தாலோ வெல்டு ஓரத்தில் துருக்கோடு தெரிந்தாலோ வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.